திரும்பி வருவதற்காகவே ஒரு பள்ளிக்கூடம்

ஏப்ரல் பிறந்துவிட்டால் பாளையங்கோட்டைப் பள்ளிகளின் அலுவலக வாசலில் ஒரு வகைக் குடும்பத்தைப் பார்த்தவுடன் தெரிந்துகொள்ளலாம். அம்மா கையில் ஒரு ஃபைல், அதற்குள் முன்பக்கமும் பின்பக்கமும் முத்திரை குத்திய டி.சி., பக்கத்தில் நம் ஊர் ஏப்ரல் வெயிலை ஏசி இல்லாமல் முதல்தடவை பார்க்கிற பிள்ளை. அப்பா அநேகமாக இருக்கமாட்டார், லீவு கிடைத்திருக்காது. மேலப்பாளையம், ஏர்வாடி, வள்ளியூர், கடையநல்லூர் என்று எந்தப் பக்கத்து ஆட்களாக இருந்தாலும் விஷயம் ஒன்றுதான்: வெளிநாட்டில் இந்தியப் பள்ளியில் படித்த பிள்ளையை இங்கே கொண்டுவந்து சேர்க்க வேண்டும். போன வருஷம் அந்த வரிசையில் எங்கள் மதினியும் அண்ணன் மகளும் நின்றார்கள், கூட நானும் நின்றேன்.

பிள்ளை ஷார்ஜாவில் எட்டாம் வகுப்பு முடித்துவிட்டு வந்திருந்தாள். சேர்க்கைக்கு முன்னால் ஒரு சின்னத் தேர்வு வைத்தார்கள். கணக்கை அரை மணி நேரத்தில் முடித்துவிட்டாள், ஆங்கிலத்தில் ஒரு குறையும் இல்லை. அப்புறம் ஒரு டீச்சர் கோடு போட்ட தாள் ஒன்றைக் கொடுத்து, உன் பள்ளியைப் பற்றித் தமிழில் ஐந்து வரி எழுதும்மா என்றார். வீட்டில் எங்களைவிடச் சுத்தமாக நெல்லைத் தமிழ் பேசுகிற பிள்ளை அது. பத்து நிமிஷம் கழித்துத் தாளில் இரண்டு வரி இருந்தது. முதல் வரி, 'என் பல்லி ஷார்ஜாவில் உல்லது.' டீச்சர் சிரிக்கவில்லை. அந்த ல-வின் மேல் மெதுவாக ஒரு வட்டம் போட்டுவிட்டு, ள-வை ஓரத்தில் எழுதிக் காட்டினார். வெளியே வந்ததும் பிள்ளை என்னிடம், "சித்தப்பா, வாசிச்சிருவேன், எழுதத்தான் வர மாட்டேங்கு" என்றாள். தப்பு அவள் மேல் துளியும் இல்லை. அந்தப் பள்ளிக்கூடங்கள் எப்படி உண்டாயின, எப்படி நடக்கின்றன என்று தெரிந்தால் இது ஏன் இப்படி ஆகிறது என்று புரியும். வளைகுடாவில் இருக்கிற நம் ஊர்க்காரர்கள் பிள்ளைக்கு நாலு, ஐந்து வயது ஆகும்போதே இதைத் தெரிந்துவைத்துக்கொள்வது நல்லது என்றுதான் எழுதுகிறேன்.

வளைகுடா நாடுகளில் எத்தனை வருஷம் வேலை பார்த்தாலும் நம்மவர்களுக்குக் குடியுரிமை கிடையாது, விசா முடிந்தால் கிளம்ப வேண்டியதுதான். அங்குள்ள அரசுப் பள்ளிகள் அரபு மொழியில், அந்த நாட்டுக் குடிமக்களுக்காக நடப்பவை. ஆகவே ஊருக்குத் திரும்பினால் எந்த வகுப்பில் விட்டதோ அதே வகுப்பில் தொடர்கிற மாதிரி ஒரு படிப்பு தேவைப்பட்டது. இந்தத் தேவையிலிருந்து பிறந்தவைதான் இந்தப் பள்ளிகள். எண்ணெய்ப் பணம் கொழித்த எழுபதுகளில்தான் எல்லாம் தொடங்கியது என்று பலர் நினைக்கிறார்கள். பஹ்ரைனில் இந்தியப் பள்ளி 1950-லேயே வந்துவிட்டது. குவைத்தில் 1959, துபாயில் 1961, மஸ்கட்டில் 1975. சவுதியில் ஜித்தா பள்ளி 1969-லும் ரியாத், தம்மாம் பள்ளிகள் 1982-லும் வந்தன.

அத்தனை பாடத்திட்டங்கள் இருக்க, ஏன் சிபிஎஸ்இ? ஒரே வகுப்பில் நம் பிள்ளை, மலையாளப் பிள்ளை, ஹைதராபாத் பிள்ளை, குஜராத்திப் பிள்ளை எல்லோரும் உட்கார்ந்திருப்பார்கள். இத்தனை பேரும் ஆளுக்கொரு மாநிலத்துக்குத் திரும்பிப் போகிறவர்கள். எல்லா மாநிலத்திலும் செல்லுபடியாகும் பாடத்திட்டம் வேண்டும், மத்திய அரசு ஊழியர்களின் பிள்ளைகள் ஊர் ஊராக மாறினாலும் படிப்பு கெடாமல் இருக்கத்தான் அந்த வாரியமே 1962-இல் இப்போதைய வடிவத்துக்கு வந்தது, அது இவர்களுக்கும் பொருந்திப்போயிற்று. இன்று இருபதுக்கும் மேற்பட்ட நாடுகளில் சிபிஎஸ்இ பள்ளிகள் இருக்கின்றன. 2010-இல் வாரியமே வெளிநாட்டுப் பிள்ளைகளை மனதில் வைத்து சிபிஎஸ்இ இன்டர்நேஷனல் என்று தனியாக ஒரு பாடத்திட்டம் கொண்டுவந்து பார்த்தது, 2017-இல் அதை நிறுத்திவிட்டார்கள். பெற்றோர் தேடுவது இந்தியாவில் என்ன நடக்கிறதோ அதையே என்பது என் எண்ணம். மலையாளிகள் ஒரு படி மேலே போய், கேரள அரசின் பத்தாம் வகுப்புத் தேர்வையே அமீரகத்தில் மையம் போட்டு எழுதவைக்கிறார்கள்.

நடத்துவது யார் என்பதிலும் வித்தியாசம் உண்டு. சவுதியின் பெரிய நகரங்களிலும் ஓமானிலும் பஹ்ரைனிலும் சமூகப் பள்ளிகள், தூதரகத்தின் ஆதரவோ மேற்பார்வையோ உள்ளவை, லாப நோக்கம் இல்லாதவை. பஹ்ரைனில் நிர்வாகக் குழுவைப் பெற்றோர் ஓட்டுப்போட்டுத் தேர்ந்தெடுக்கிறார்கள், நம் ஊர் உள்ளாட்சித் தேர்தல் மாதிரியே அணி, நோட்டீஸ், வாக்குறுதி எல்லாம் இருக்கும். அமீரகத்தில் பெரும்பாலானவை தனியார் நடத்துபவை. 1968-இல் துபாயில் ஒரு மலையாளத் தம்பதி தொடங்கிய சின்னப் பள்ளிதான் பின்னால் ஜெம்ஸ் என்ற பெரிய குழுமமாக வளர்ந்தது. கட்டணம் பள்ளிக்குப் பள்ளி மலைக்கும் மடுவுக்கும் உள்ள தூரம், எனவே துபாய்ல ஸ்கூல் பீஸ் எவ்வளவு என்று பொதுவாகக் கேட்டால் யாரும் ஒரு பதில் சொல்ல முடியாது. சமூகப் பள்ளியில் கட்டணம் குறைவாக இருக்கும், வகுப்பில் பிள்ளைகள் அதிகமாக இருப்பார்கள், சீட்டுக்கு அலைய வேண்டியிருக்கும். ஆசிரியர்களில் பலர், வேலைக்குப் போன கணவனோடு குடும்ப விசாவில் போன பெண்கள். நம் பக்கத்தில் பி.எட். முடித்துவிட்டுக் கல்யாணமாகிப் போன பெண்கள் அங்கே வகுப்பு எடுப்பது சர்வசாதாரணம்.

இதில் யாரும் வெளிப்படையாகப் பேசாத ஒன்று இருக்கிறது. அந்தப் பள்ளிக்குள் பிள்ளை நுழைவதற்கு முதல் தகுதி அப்பாவின் சம்பளச் சீட்டு. அமீரகத்தில் குடும்பத்தை அழைக்க மாதம் 4000 திர்ஹம் சம்பளம் வேண்டும், வீடு கம்பெனி கொடுத்தால் 3000 போதும். குவைத்தில் 2024-இல் அதை 800 தினார் ஆக்கினார்கள். ஆகவே வெல்டராகவும் டிரைவராகவும் கடைச் சிப்பந்தியாகவும் போயிருக்கிற நம் ஊர்க்காரர்களில் மிகப் பெரும்பாலோரின் பிள்ளைகள் அந்தப் பள்ளியை ஃபோட்டோவில்கூடப் பார்த்திருக்க மாட்டார்கள். ஒரே தெருவில் அண்ணன் பிள்ளை அபுதாபியில் படிக்கும், தம்பி பிள்ளை இங்கே பஞ்சாயத்து யூனியன் பள்ளியில் படிக்கும், இரண்டு பேரின் அப்பாவும் வேலை பார்ப்பது ஒரே நாட்டில்.

சம்பளம் இருந்தாலும் சட்டம் மாறினால் போச்சு. சவுதியில் 2017 ஜூலையில் குடும்பத்தினர் தலைக்கு மாதம் 100 ரியால் என்று ஒரு கட்டணம் போட்டார்கள். வருஷத்துக்கு நூறு நூறாக ஏற்றி 2020-இல் 400 ஆக்கினார்கள். மனைவி, இரண்டு பிள்ளைகள் என்று மூன்று பேருக்கு வருஷத்துக்கு 14,400 ரியால். ரியாலுக்கு 22 ரூபாய் என்று வைத்தால் மூன்று லட்சத்துக்கு மேல், அதுவும் பள்ளிக் கட்டணத்துக்கும் வீட்டு வாடகைக்கும் முன்னால். அந்த வருஷங்களில் எங்கள் தெருவுக்கே மூன்று குடும்பம் மூட்டை கட்டிக்கொண்டு வந்து சேர்ந்தது, அப்பா மட்டும் அங்கே ரூமுக்கு மாறிவிட்டார். பிள்ளைகளுக்கு அது நடுவழியில் இறக்கிவிட்ட மாதிரிதான்.

சரி, அங்கே ஒரு நாள் எப்படிப் போகும்? பஸ் ஆறு மணிக்கு முன்னாலேயே வந்துவிடும், கட்டடத்தின் கீழே வாட்ச்மேன் பக்கத்தில் ஏழெட்டுப் பிள்ளைகள் தூக்கக் கலக்கத்தோடு நிற்கும். ஷார்ஜாவில் 2022 ஜனவரியிலிருந்து வெள்ளி, சனி, ஞாயிறு மூன்று நாளும் விடுமுறை, ஆகவே மீதி நான்கு நாளில் நேரம் நீளும். பள்ளி ஆண்டு ஏப்ரலில் தொடங்கி மார்ச்சில் முடிகிறது, இந்தியாவை ஒட்டியேதான். கோடை விடுமுறை மட்டும் அந்த ஊர் வெயிலுக்கு ஏற்ப ஜூலை, ஆகஸ்ட். இந்த ஒரு மாற்றம் என்ன செய்கிறது தெரியுமா? திருவனந்தபுரத்தில் இறங்கி நாகர்கோவில், காவல்கிணறு, வள்ளியூர் வழியாகப் பிள்ளைகள் ஊர் வந்து சேரும்போது குற்றாலத்தில் சாரல் நன்றாக விழுந்துகொண்டிருக்கும். ஆனால் இங்கே பள்ளி ஜூனிலேயே திறந்தாயிற்று. அத்தை பிள்ளை, சித்தப்பா பிள்ளை எல்லாம் காலையில் யூனிஃபார்ம் போட்டுக்கொண்டு போய்விடும், இது தாத்தா ஆச்சியோடு வீட்டில் டிவி பார்த்துக்கொண்டிருக்கும். இங்கே ஏப்ரல், மே லீவில் பிள்ளைகள் தெருவில் ஆடும்போது அது அங்கே புது வகுப்பில் உட்கார்ந்திருக்கும். பத்து வருஷம் இப்படிப் போனால் சொந்தக்காரப் பிள்ளைகளோடு ஒரு முழு லீவுகூடச் சேர்ந்து கழித்திருக்காது. தமிழ் எழுதவராமல் போவதற்கு இதுவும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன். நம் பிள்ளைகள் பாதித் தமிழைக் கற்றுக்கொள்வது கூட விளையாடுகிற பிள்ளைகளிடம்தான், சுவரில் எழுதுவதும் சீட்டு எழுதிப் போடுவதும் அந்த லீவில்தான்.

மொழிப் பாடத்துக்கு வருகிறேன், முடிச்சு இங்கேதான் இருக்கிறது. கால அட்டவணையில் மொழிக்கு இருப்பது மூன்று இடம் என்று வைத்துக்கொள்ளுங்கள். முதல் இடம் ஆங்கிலம், பயிற்றுமொழியே அதுதான். அமீரகத்தில் தனியார் பள்ளி எதுவானாலும் ஒன்றாம் வகுப்பு முதல் ஒன்பது வரை அரபு கட்டாயம், ஆக இன்னொரு இடம் போயிற்று. மிச்சம் இருக்கிற ஒரே இடத்துக்கு இந்தி, மலையாளம், பிரெஞ்சு, தமிழ் எல்லாம் போட்டி போடுகின்றன. சிபிஎஸ்இ தமிழைத் தள்ளிவைக்கவில்லை, பத்தாம் வகுப்புத் தேர்வில் 006 என்ற எண்ணில் தமிழ் இருக்கிறது, படிப்பதும் நம் தமிழ்நாட்டுப் பாடநூலைத்தான். ஆனால் பட்டியலில் இருப்பதை எல்லாம் ஒவ்வொரு பள்ளியும் நடத்த வேண்டும் என்று இல்லை. எடுக்கப் பிள்ளைகள் வேண்டும், ஆசிரியர் வேண்டும், அறை வேண்டும். மலையாளிகள் எண்ணிக்கையில் அதிகம், கேட்டு வாங்கிக்கொள்கிறார்கள். நம் ஆட்கள் படிவத்தில் இந்திக்கு டிக் அடித்துவிட்டு, தமிழ் வீட்டில் பேசுகிறோமே, அது தானாக வரும் என்கிறார்கள். எங்கள் அண்ணனும் அப்படித்தான் செய்தான். பேச்சு தானாக வரும், எழுத்து வராது. ல, ள, ழ யாருக்கும் தானாக வந்ததில்லை.

அங்கேயே இருக்கும்வரை இது பெரிதாகத் தெரியாது. ஊருக்கு வரும்போதுதான் இடிக்கிறது. தமிழ்நாட்டில் 2006-இல் தமிழ் கற்றல் சட்டம் வந்தது, 2006-07 முதல் ஒன்றாம் வகுப்பில் தொடங்கி வருஷத்துக்கு ஒரு வகுப்பாகப் பத்தாம் வகுப்புவரை தமிழ் கட்டாயப் பாடமாக ஏறிவந்தது. 2014-இல் சிபிஎஸ்இ உள்ளிட்ட மற்ற வாரியப் பள்ளிகளுக்கும் அரசாணை போட்டு 2015-16 முதல் அதே மாதிரி படிப்படியாக ஏற்றினார்கள். நம் பிள்ளைகள் தமிழ் படிக்க வேண்டும் என்பதில் எனக்கு இரண்டாவது கருத்தே கிடையாது, அந்தச் சட்டத்தை நான் மனதார ஆதரிக்கிறேன். ஆனால் எட்டு வருஷம் இந்தியும் அரபும் படித்துவிட்டு ஒன்பதாம் வகுப்பில் வந்து இறங்குகிற பிள்ளைக்கு இரண்டே வருஷத்தில் செய்யுள், இலக்கணம், அணி எல்லாம் என்றால் அது மலை. விலக்குக் கேட்டு மனுப் போடுகிறவர்கள் உண்டு. மனுப் போட்டுத் தப்பிப்பதைவிட ஒரு தமிழ் டியூஷன் வைப்பது நல்லது என்று மதினியிடம் நான் சண்டையே போட்டேன்.

எப்போது வருவது என்பதற்கும் ஒரு கணக்கு இருக்கிறது. ஒன்பதாம் வகுப்பிலேயே பிள்ளையின் பெயர் வாரியத்தில் பதிவாகிவிடும். அதற்கப்புறம் பத்திலோ பன்னிரண்டிலோ நேராகச் சேர்ப்பது லேசில் நடக்காது, அப்பாவுக்கு இடமாற்றம் மாதிரி காரணம் காட்டி அனுமதி வாங்க வேண்டும். ஆகவே வாசல் திறந்திருப்பது எட்டு முடிந்ததும் ஒரு முறை, பத்து முடிந்ததும் ஒரு முறை. வருகிற கூட்டத்தில் பலர் பத்து முடித்துத்தான் வருகிறார்கள், காரணம் நீட். முன்பெல்லாம் வெளிநாட்டில் நீட் மையமே இல்லை. 2020-இல் கொரோனா சமயத்தில் மையம் கேட்டு உச்ச நீதிமன்றம்வரை போயும் கிடைக்கவில்லை, தேர்வுக்காகப் பிள்ளைகள் விமானம் ஏறி வர வேண்டியிருந்தது. 2021-இல் குவைத்திலும் துபாயிலும் மையம் வந்தது, அடுத்த வருஷம் வெளிநாட்டு நகரங்கள் 14 ஆயின. மையம் வந்த பிறகும் கோச்சிங்குக்காக இங்கே கொண்டுவந்து விடுகிறவர்கள் குறையவில்லை.

கல்லூரி என்று வரும்போது பெற்றோர் அதிகம் தடுமாறுவது இருப்பிடச் சான்றிதழில். தமிழ்நாட்டு மருத்துவக் கலந்தாய்வில் ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டுவரை இங்கேயே படித்தவர்களிடம் அதைக் கேட்பதில்லை, பொறியியலில் அது எட்டு முதல் பன்னிரண்டுவரை. வெளியே படித்த நம் பிள்ளைகளும் விண்ணப்பிக்கலாம், ஆனால் தாலுகா அலுவலகத்தில் இருப்பிடச் சான்றிதழ் வாங்க வேண்டும், பெற்றோர் இங்கே பிறந்து படித்ததற்கான தாள்களும் வேண்டும். அப்பாவின் பத்தாம் வகுப்பு மார்க் ஷீட் எங்கே என்று பரண் மேல் தேடுகிற வீடுகளைப் பார்த்திருக்கிறேன். லீவில் வரும்போதே இதை முடித்து வைத்துக்கொள்ளுங்கள், ஜூன் மாதக் கூட்டத்தில் போய் நிற்காதீர்கள். இன்னொன்று, மத்திய அரசின் என்ஐடி பொறியியல் கல்லூரிகள் போன்ற இடங்களில் வெளிநாட்டு இந்தியர்களுக்கான டாசா என்ற சேர்க்கை முறையில் வளைகுடாத் தொழிலாளர்களின் பிள்ளைகளுக்கென்றே தனிப் பிரிவு இருக்கிறது, ஜேஇஇ மெயின் நுழைவுத் தேர்வின் தரவரிசை அடிப்படையில் சேர்க்கிறார்கள். நம் பக்கத்து ஆட்கள் பலருக்கு அப்படி ஒன்று இருப்பதே தெரியவில்லை.

இதை எழுதும்போதெல்லாம் எனக்குக் கடையநல்லூர்தான் ஞாபகம் வருகிறது. வளைகுடாவுக்கு வெகுகாலம் முன்னாலேயே அந்த ஊர்க்காரர்கள் சிங்கப்பூருக்குப் போனார்கள், அநேகம் பேர் கூலி வேலைக்கு. 1946-இல், யுத்தம் முடிந்த மறுவருஷம், அங்கே கடையநல்லூர் முஸ்லிம் லீக் ஒரு பள்ளிக்கூடம் கட்டியது. ஆங்கிலப் பள்ளியோ அரபுப் பள்ளியோ கட்டவில்லை, தமிழ்ப் பள்ளி. பெயர் உமறுப் புலவர் தமிழ்ப் பள்ளி, எட்டயபுரத்தோடு சேர்த்து நாம் சொல்கிற அதே சீறாப்புராணத்து உமறுப் புலவர். பின்னால் அது உயர்நிலைப் பள்ளியாக வளர்ந்து, சிங்கப்பூரில் தமிழிலேயே உயர்நிலைக் கல்வி கற்பித்த ஒரே பள்ளியாக நின்று, 1982-இல்தான் மூடியது. அப்புறமும் அந்தப் பெயரில் தமிழ் மொழி நிலையம் நடக்கிறது. கையில் காசில்லாத மனிதர்கள் செய்த காரியம் அது. சிங்கப்பூரில் தமிழ் ஆட்சிமொழிகளில் ஒன்று, ஆகவே உள்ளூர்ப் பள்ளியில் படிக்கிற தமிழ்ப் பிள்ளை தாய்மொழிப் பாடமாகத் தமிழை எழுதிப் படிக்கிறது. வளைகுடாவில் அப்படிச் சட்டம் கைகொடுக்காது, பெற்றோர்தான் கேட்க வேண்டும்.

அண்ணன் மகள் இப்போது இங்கே ஒன்பதாம் வகுப்பு. சாயங்காலம் தெருக்கோடியில் ரிட்டையரான தமிழய்யா வீட்டுக்குப் போகிறாள், தினம் ஒரு பக்கம் டிக்டேஷன். ள பிடிபட்டுவிட்டது, ற-வும் ர-வும் இன்னும் மாறுகிறது. மதினி அவளை எங்கள் அம்மாவிடம் விட்டுவிட்டு ஜூன் மாதமே ஷார்ஜாவுக்குத் திரும்பிவிட்டார், சின்னவன் அங்கே நாலாம் வகுப்பு படிக்கிறானே. அடுத்த ஏப்ரலுக்கு இரண்டாம் மொழிப் படிவம் அவனுக்கு வந்திருக்கிறது. தமிழுக்கு டிக் அடித்துக் கொடுத்தால், பன்னிரண்டு பிள்ளைகளாவது சேர்ந்தால்தான் வகுப்பு எடுப்போம் என்று பள்ளியில் சொல்லிவிட்டார்களாம். போன வாரம் போனில் மதினி சொன்னார், "கொழுந்தனாரே, ஒம்பது பேர் சேத்தாச்சு, இன்னும் மூணு பேருக்கு ஒவ்வொரு பில்டிங்கா ஏறி இறங்கிட்டு இருக்கேன்."